பின்வளவில் ஒரு ஹாத்தோர்ன்

ஹாத்தோர்ன் என்ற பெயருக்குள்ளேயே ஒரு வேலி இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹகா' என்றால் வேலி, 'தோர்ன்' என்றால் முள். வேலிமுள் என்று ஊரில் நாங்களே பெயர் வைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க மாட்டோம். கிளுவையும் முள்முருக்கும் பூவரசும் நின்ற வேலிகளுக்குள் வளர்ந்தவன் நான். இங்கிலாந்தில் மே மாதத்தில் இந்த மரம் வெள்ளையாகப் பூத்து வயல் ஓரமெல்லாம் நிற்பதை முதன்முதலில் கண்டபோது, ஒன்றுவிட்ட சொந்தக்காரரைக் கண்ட மாதிரித்தான் இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே பொது நிலங்களைப் பிரித்து அடைத்த காலத்தில் எல்லைக்காக நடப்பட்ட வேலிகளில் பெரும்பகுதி இந்த மரந்தான்.

இங்கிலாந்தில், குறிப்பாக லண்டனிலும் அதைச் சுற்றியும், சிறிய பின்வளவோடு வீடு வைத்திருக்கிற புதியவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்களுக்கும் இறுதியில் சில வரிகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அந்தப் பகுதியை முதலிலேயே வாசித்துவிடுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹாத்தோர்ன் நட்டபின் கேட்கிற வேலை மிகக் குறைவு. காற்று, உறைபனி, களிமண், சுண்ணாம்பு மண் எல்லாவற்றையும் தாங்கும். நடுவதற்கு முன்னால் எடுக்கும் முடிவுதான் இதில் பெரிய வேலை. அங்கே பிழை விட்டால் திருத்துவது கடினம். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி, மண்வெட்டியைக் கையில் எடுக்க முன்னால் செய்ய வேண்டியவை பற்றியது.

எங்கே நடப் போகிறீர்கள்?

முதலில் வெயில். அரைநிழலிலும் மரம் வாழும், ஆனால் பூவும் பழமும் குறைந்துவிடும். ஒரு நாளில் பாதி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் பள்ளம் வேண்டாம்.

அடுத்தது மண். லண்டன்காரர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லண்டனின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது களிமண். வறண்ட கோடையில் அது சுருங்கும், மழையில் திரும்ப உப்பும். மரங்கள் உறிஞ்சும் தண்ணீர் இந்தச் சுருக்கத்தைக் கூட்டும். அத்திவாரம் ஆழமில்லாத பழைய வீடுகளில் சுவர் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதுவீடுகளுக்கான தரவிதிகளை வகுக்கும் என்.எச்.பி.சி. அமைப்பு, ஓக், வில்லோ, பொப்லர் ஆகியவற்றோடு ஹாத்தோர்னையும் 'அதிகம் நீர் உறிஞ்சும் மரங்கள்' வரிசையில் வைத்திருக்கிறது. இதன் முழு உயரத்தை அது 10 மீட்டர் என்று கணக்கிடுகிறது. மரம் விற்கும் பலர் இதைச் சொல்வதில்லை. 'சின்ன மரம், எங்கேயும் வைக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் மண் களியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல் தடிப்பில் உருட்டுங்கள். அதை உடையாமல் வளையமாக வளைக்க முடிந்தால் களிமண். உருட்டும்போதே பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் கூடிய மண். பிரித்தானிய நிலவியல் ஆய்வகம் இணையத்தில் இலவசமாகத் தரும் வரைபடத்திலும் உங்கள் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

களிமண் என்றால் ஹாத்தோர்னையே கைவிட வேண்டும் என்றில்லை. உயரமாக விடும் தனிமரத்தை வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, வளவின் கடைசி மூலையில் நடுங்கள். அவ்வளவு நீளம் இல்லாத வளவென்றால் தனிமரம் வேண்டாம், கடைசி எல்லையில் கத்தரித்து வைத்திருக்கும் வேலியாக நடலாம். இலைப்பரப்பு குறைந்தால் அது இழுக்கும் தண்ணீரும் குறையும். முன்வாசல் யன்னலுக்கு இரண்டு மீட்டரில் நடுவதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த வீட்டுச் சுவரும் கணக்கில் உண்டு.

மூன்றாவது முள். சாதாரண ஹாத்தோர்ன் முள் ஒன்றரை, இரண்டு சென்ரிமீட்டர் நீளம், ஆணி மாதிரி. நடைபாதை ஓரம், பிள்ளைகள் பந்து விளையாடும் இடம், உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கம் எல்லாம் இதற்கான இடமல்ல. பின்சந்தை ஒட்டிய எல்லை, கள்ளர் ஏறிக் குதிக்கக்கூடிய மூலை என்றால் இதைவிட நல்ல காவல் இல்லை.

நாலாவது வாசம். பூவில் ட்ரைமெத்தைலமைன் என்ற பொருள் இருக்கிறது. பழுதாகத் தொடங்கும் மீனிலும் இதுதான் மணக்கிறது. சிலருக்கு அது இனிமையான மணமாகத் தெரியும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பூத்த கொப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று இங்குள்ள பழைய ஆட்கள் நம்பியதற்கு இந்த வாடைதான் காரணம் என்று சொல்வார்கள். படுக்கையறை யன்னலுக்கு நேரே மரம் வைக்க முன்னால், மே மாதத்தில் ஒரு பூத்த மரத்துக்குக் கிட்டப் போய் மணந்து பாருங்கள்.

எந்த வகை?

வேலிக்கு யோசிக்கவே தேவையில்லை. சாதாரண ஹாத்தோர்ன், அதாவது கிரட்டேகஸ் மோனோகைனா. பழத்துக்குள் ஒரே கொட்டை இருப்பதால் இந்தப் பெயர். ஆழமாக வெட்டுப்பட்ட இலை, வெள்ளைப் பூ, சிவப்புப் பழம். 300-க்கும் மேற்பட்ட பூச்சியினங்களுக்கு உணவும் இருப்பிடமும் கொடுக்கிற மரம் இது என்பதை அறிந்த நாளிலிருந்து எனக்கு இதன்மேல் மரியாதை கூடிவிட்டது.

தனிமரத்துக்குத்தான் தெரிவு செய்ய வேண்டும். கார்டன் சென்டரில் முதலில் கண்ணில் படுவது 'பால்ஸ் ஸ்கார்லெட்'. 1858-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் தோட்டமொன்றில், இளஞ்சிவப்பாய்ப் பூத்த ஒரு மரத்தில் ஒரு கொப்பு மட்டும் கருஞ்சிவப்பாய்ப் பூத்தது. அதிலிருந்து ஒட்டிப் பெருக்கியதுதான் இன்று தெருத்தெருவாக நிற்கிறது. ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காய்ப் பூக்கும், பார்க்க அழகுதான். ஆனால் நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அடுக்குப்பூவுக்குள் தேனீயால் நுழைய முடியாது, பழமும் அநேகமாகக் கிடைக்காது, ஈரமான கோடையில் இலைப்புள்ளி நோய் பிடித்து ஓகஸ்ட் மாதத்திலேயே மொட்டையாய் நிற்கும்.

சிவப்புத்தான் வேண்டும் என்றால் 'கிரிம்சன் கிளவுட்' வாங்குங்கள். ஒற்றைப்பூ, நடுவே வெள்ளைக் கண், தேனீயும் வரும், பழமும் வரும், இலைப்புள்ளியும் குறைவு. இலையுதிர்காலத்து நிறம் முக்கியமென்றால் 'புரூனிஃபோலியா'. இலை உதிர முன்னால் செம்மஞ்சளும் சிவப்புமாய் எரியும். முள்தான் நீளம், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு யோசித்து வாங்குங்கள்.

எப்போது, எப்படி வாங்குவது?

ஊரில் அயலவர் வேலியில் ஒரு கதியாலை வெட்டி ஊன்றிவிட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும். ஹாத்தோர்னிடம் அந்தக் குணத்தை எதிர்பார்க்காதீர்கள். வெட்டி ஊன்றிய கொப்பு வேர்விடுவது அரிது. கொட்டையைப் போட்டாலோ, முளைக்கச் சிலவேளை 18 மாதமாகும். இரண்டு குளிர்காலத்தைக் கண்டால்தான் அதற்கு மனம் இரங்கும். ஆகவே கன்றாக வாங்குவதே சரி.

நவம்பர் முதல் மார்ச் வரை, இலையில்லாமல் மரம் தூங்குகிற காலத்தில், சட்டியில்லாமல் மண் உதறிய வெறும் வேரோடு கன்றுகள் விற்பார்கள். வேலிக்கு இதுதான். 40 முதல் 60 சென்ரிமீட்டர் உயரக் கன்று ஒன்றிரண்டு பவுண்டுக்குள் கிடைக்கும். உயரமான கன்றுக்குக் காசு கொட்டாதீர்கள். சின்னக் கன்று வேகமாக வேர்பிடித்து, மூன்று நாலு வருடத்தில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். சட்டியில் வளர்ந்ததை எந்த மாதமும் நடலாம். விலை கூட, கோடையில் நட்டால் தண்ணீர் வேலையும் கூட.

ஒற்றை வரிசைக்கு மீட்டருக்கு 3 அல்லது 4 கன்று போதும். அடர்த்தியான வேலிக்கு இரட்டை வரிசை, மீட்டருக்கு 5. பத்து மீட்டர் எல்லைக்கு 50 கன்று என்று கணக்குப் போட்டு, சாகக்கூடியவற்றுக்காக நாலைந்தைக் கூட்டி வாங்குங்கள். ஹாத்தோர்னோடு ஃபீல்ட் மேப்பிள், ஹேசல், நாய்ரோசா ஆகியவற்றைக் கலந்தும் நடலாம். கலப்பு வேலி என்று விற்கும் கட்டுகளில் பிளக்தோர்ன் என்ற முட்செடியும் இருக்கும். சின்ன வளவுக்கு அதை எடுக்காதீர்கள், வேரிலிருந்து குட்டி போட்டுப் புல்வெளியெல்லாம் பரவும்.

வேலி நடுதல்

கன்று வந்த அன்றே கட்டை அவிழ்த்து வேரைப் பாருங்கள். இந்த வேர்கள் காற்றிலும் வெயிலிலும் காய்ந்தால் கால்மணி நேரத்திலேயே பழுதாகத் தொடங்கும். அன்று நட முடியாவிட்டால் வளவில் ஒரு சின்னக் கான் வெட்டி, கன்றுகளைச் சாய்த்து வைத்து, வேரை ஈரமண்ணால் மூடுங்கள். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். நடும் நாளில் ஒரு மணி நேரம் வேரை வாளித் தண்ணீரில் வையுங்கள்.

மண் உறைந்திருக்கும் நாளிலும் சேறாய்க் கிடக்கும் நாளிலும் நடவேண்டாம்.

1. எல்லையில் கயிறு கட்டி, ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் களையையும் வேரோடு எடுங்கள். முதல் இரண்டு வருடத்தில் கன்றைக் கொல்வது நோயல்ல, பக்கத்தில் நிற்கும் புல்.

2. மண்வெட்டி ஆழத்துக்கு மண்ணைக் கொத்துங்கள். பசளை போடவேண்டாம். பசளை போட்டால் மென்மையான தளிர் வேகமாக ஓடும், பின்னால் சொல்லப்போகும் கருகல் நோய்க்கு அதுதான் பிடித்த இடம்.

3. இரட்டை வரிசை என்றால் வரிசைகளுக்கு நடுவே 40 சென்ரிமீட்டர், ஒரு வரிசைக்குள் கன்றுக்குக் கன்று 40 சென்ரிமீட்டர். இரண்டு வரிசைக் கன்றுகளும் நேருக்கு நேர் நிற்காமல், ஒன்றின் இடைவெளியில் மற்றது வரவேண்டும்.

4. தண்டின் அடியில் மண்கறை பட்ட அடையாளம் தெரியும். அதுவரைக்குந்தான் புதைக்க வேண்டும். அதற்கு மேலே மண் ஏறினால் தண்டு அழுகும்.

5. வேரை விரித்து மண்ணை நிரப்பி, குதிக்காலால் இறுக மிதியுங்கள். கன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது.

6. இப்போது வெட்டுங்கள். குளிர்காலம் முடியுமுன் கன்றைத் தரையிலிருந்து 15 முதல் 30 சென்ரிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும்.

ஆறாவதைத்தான் யாரும் செய்ய மனம் வைப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய கன்றை அரைக்கு மேல் வெட்டி எறிவதா என்று கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. ஒரு பக்கத்து வரிசையை வெட்டி, மறுபக்கத்தை வெட்டாமல் விட்டேன். வெட்டிய பக்கம் அடியிலிருந்தே நாலைந்து கொப்பு விட்டு அடர்ந்தது. வெட்டாத பக்கம் மேலே மட்டும் தலை பரப்பி, அடியில் பூனை புகுந்து போகும் ஓட்டையோடு இன்றும் நிற்கிறது. வேலி அடியில் அடர வேண்டுமென்றால் முதல் வெட்டு இதுதான். அடுத்த குளிர்காலத்தில், அந்த வருடம் ஓடிய வளர்ச்சியில் பாதியை மறுபடி வெட்டுங்கள்.

தனிமரம் நடுதல்

குழி வேர்க்கட்டியின் ஆழந்தான், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. களிமண்ணில் மண்வெட்டி வழுக்கிய குழிச்சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும், அதைக் கொத்திக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் வேர் சட்டிக்குள் சுற்றுவது போலக் குழிக்குள்ளேயே சுற்றும். சட்டிக் கன்றில் வட்டமாய்ச் சுற்றிய வேர் இருந்தால் கையால் பிரித்துவிடுங்கள். தோண்டிய அதே மண்ணைத் திரும்பப் போடுங்கள்.

முண்டுக்கம்பைத் தாழ்வாக, மரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கட்டுங்கள். மேல்பகுதி காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் கட்டை அவிழ்க்க மறந்துவிடாதீர்கள், அது தண்டை இறுக்கி வெட்டும்.

முதல் இரண்டு கோடை

மரமோ வேலியோ, மரச்சிராய் அல்லது இலைமக்கால் 5 முதல் 7 சென்ரிமீட்டர் தடிப்பில் மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விடவேண்டும். மழையில்லாத வாரத்தில் தனிமரத்துக்கு இரண்டு மூன்று வாளி தண்ணீர், ஒரே தடவையில் ஆறுதலாக ஊற்றுங்கள். தினமும் ஒரு சொட்டுத் தெளிப்பதால் பயனில்லை, வேர் மேலேயே நின்றுவிடும். மூன்றாவது வருடத்திலிருந்து அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

தனிமரங்கள் பெரும்பாலும் சாதாரண ஹாத்தோர்ன் அடித்தண்டில் ஒட்டப்பட்டவை. அடியிலிருந்து ஆழவெட்டு இலையோடு ஒரு தளிர் புறப்பட்டால் அது அடித்தண்டின் குட்டி. விட்டால் சில வருடத்தில் சிவப்பு மரம் பாதி வெள்ளையாகும். முளையிலேயே பிடுங்கி எடுங்கள்.

வெட்டுவது

ஹாத்தோர்ன் முந்தைய வருடத்துக் கொப்பில்தான் பூக்கும். இந்த ஒரு வரியை அறியாமல் நான் மூன்று வருடம் ஒவ்வொரு செப்டெம்பரும் வேலியைச் சுவர் மாதிரி நேராக வெட்டினேன். மூன்று மே மாதமும் ஒரு பூவும் இல்லை. மண்ணில் குறை என்று நினைத்துப் பசளை தேடி அலைந்தேன். பூமொட்டெல்லாம் என் கத்தரியோடு போயிருந்தது.

இப்போது செய்வது இதுதான்: ஒரு வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம். எப்போதும் ஒரு பக்கத்தில் பூக்கும் கொப்பு நிற்கும். வெட்டுவதும் ஜனவரிக் கடைசி அல்லது பெப்ரவரியில், பறவைகள் பழத்தைத் தின்று முடித்த பிறகு.

மார்ச் முதல் ஓகஸ்ட் வரை வெட்டாதீர்கள். பறவைகள் கூடுகட்டும் காலம் அது. முட்டையோ குஞ்சோ உள்ள, அல்லது கட்டிக்கொண்டிருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அடர்ந்த முள்வேலிக்குள் கூடு இருப்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

தனிமரத்துக்கு ஆண்டாண்டு வெட்டுத் தேவையில்லை. காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றை மட்டும் குளிர்காலத்தில் எடுங்கள். வாங்கிய வீட்டில் ஏற்கெனவே பெரிய மரம் நின்றால் கத்தரியை எடுக்க முன்னால் கவுன்சிலிடம் கேளுங்கள். பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியில்லாமல் தொடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் (கன்சர்வேஷன் ஏரியா) வீடு இருந்தால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டிய மரத்துக்கு ஆறு வாரம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

வெட்டும்போது தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துணிக் கையுறைக்குள் முள் சும்மா போய்வரும். விரல் மூட்டில் முள் குத்தி, நுனி உள்ளே ஒடிந்து, வீக்கம் வற்றாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். மூட்டுக்குள் நிற்கும் முள் வாரக்கணக்கில் கஷ்டம் தரும். வெட்டிய கொப்புகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். காய்ந்த முள்தான் பிள்ளைகளின் சைக்கிள் டயருக்கு எதிரி.

நோய்கள்

பயப்படவேண்டியது ஒன்றுதான்: தீக்கருகல். எர்வினியா அமைலோவோரா என்ற பக்டீரியா. ஆப்பிள், பெயார் எல்லாவற்றுக்கும் வரும், ஹாத்தோர்னும் அதே குடும்பந்தான். பூக்கொத்தும் தளிரும் நெருப்பில் காட்டியது போலக் கறுத்து, நுனி வளைந்து, உதிராமல் தொங்கும். மருந்து கிடையாது. பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் செம்பழுப்புக் கறை தெரியும். அந்தக் கறை முடியும் இடத்திலிருந்து சின்னக் கொப்பில் 30, பெரிய கொப்பில் 60 சென்ரிமீட்டர் கீழே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நீங்களே மரம் முழுக்கக் காவித் திரிவீர்கள்.

இலைப்புள்ளிக்கு விழுந்த இலையைக் கூட்டி அள்ளுவதே போதும். அசுவுணிக்கு ஒன்றும் அடிக்காதீர்கள், சிட்டுக்குருவியும் மற்றச் சின்னக் குருவிகளும் அதைத் தேடித்தான் வேலிக்கு வரும்.

கனடா, அவுஸ்திரேலியா

ரொறன்ரோ பக்கம் இருப்பவர்கள் வட அமெரிக்காவுக்கே உரிய வகைகளைப் பாருங்கள். 'வின்டர் கிங்' நல்லது. முள் குறைவு, வெள்ளிநிறப் பட்டை, பனிக்குள்ளும் சிவப்பாய்த் தொங்கும் பழம். அங்கே ஜூனிப்பர் இனமான ஈஸ்டர்ன் ரெட் சீடர் பக்கத்தில் நின்றால், துரு என்னும் பூஞ்சை அதற்கும் ஹாத்தோர்னுக்கும் மாறி மாறிப் போய்வந்து இலையிலும் பழத்திலும் செம்மஞ்சள் புள்ளி போடும். அயலில் சீடர் இருக்கிறதா என்று பார்த்து நடுங்கள்.

மெல்பேண் வாசகர்கள் தயவுசெய்து நடவேண்டாம். விக்டோரியாவில் ஹாத்தோர்ன் கட்டுப்படுத்த வேண்டிய களை. பறவைகள் கொட்டையைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் பரப்பிவிட்டன.

பழம்

செப்டெம்பரில் சிவக்கும். சதை மாச்சத்தோடு சப்பென்று இருக்கும், பச்சையாய்த் தின்ன ஒன்றுமில்லை. ஆனால் உறையவைக்கும் பெக்டின் அதில் நிறைய உண்டு. காம்பு கிள்ளி, மூடும் அளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து மசித்து, துணியில் இரவு முழுக்க வடியவிடுங்கள். பிழியாதீர்கள், கலங்கும். வடிந்த சாற்றுக்குச் சம அளவுக்குச் சற்றுக் குறைவாகச் சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் செம்பு நிற ஜெலி. கொட்டையைக் கடிக்கவோ அரைக்கவோ கூடாது. ஆப்பிள் விதையில் உள்ளது போல, வயிற்றுக்குள் சயனைட்டாக மாறும் பொருள் அதிலும் உண்டு. இதய மருந்து, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் ஹாத்தோர்ன் குளிசை, தேநீர் பக்கம் போகமுன் டொக்டரைக் கேளுங்கள். அந்த மருந்துகளோடு இது மோதக்கூடும்.

நான் கையெட்டும் உயரத்தில் ஒரு சட்டி மட்டும் ஆய்வேன். மேலே நிற்பதைத் தொடுவதில்லை. ஸ்கன்டிநேவியாப் பக்கமிருந்து குளிருக்கு இங்கே வரும் ஃபீல்ட்ஃபெயார், ரெட்விங் என்ற பறவைகள் டிசம்பரில் கூட்டமாய் இறங்கி, இரண்டு மூன்று நாளில் மேல்கொப்பு முழுவதையும் முடித்துவிட்டுப் போகும்.